ஆவாரைக்கு ஆடி

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் கலவை ஊர்க் கடைத்தெருவில் ஆவாரம்பூ விலைக்கு வரும். கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவே ஒரு சாக்கை விரித்து, பூவோடு ஒடித்த கிளைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் வெள்ளையாகச் சிறுபீளை. இரண்டையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டினால் வாசலுக்குக் காப்பு. எங்கள் ஆயா ஒவ்வொரு வருஷமும் அந்தச் சாக்கின் முன் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "ஆவாரம்பூவ துட்டு குடுத்து வாங்குற காலம் வந்துடுச்சே." அவர் சிறுமியாக இருந்தபோது ஏரிக்கரைக்குப் போனால் கை நிறைய ஒடித்துவரலாம். இப்போது அந்தக் கரையில் சீமைக் கருவேலம்தான் நிற்கிறது. கரை தாண்டினால் மனைப்பிரிவுக் கற்கள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய தை மாதத்தில், ஆயாவின் புலம்பலை நிறுத்திவிடலாம் என்று நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து ஆறு ஆவாரஞ்செடி வாங்கிவந்தேன். மதில் ஓரமாக இரண்டடிக் குழி, அடியில் மக்கிய எரு, மேலே செம்மண். காலையிலும் மாலையிலும் ஒரு குடம் தண்ணீர். ரோஜாவுக்குக்கூட நான் அவ்வளவு செய்ததில்லை. மாசி முடிவதற்குள் ஆறும் போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகல் வாடை அடித்தது.

தெருவழியே ஆடு ஓட்டிக்கொண்டு போகும் பெரியவர் ஒருவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, ஆவாரைய எவனாவது தையில நடுவானா? அதுக்குத் தண்ணி வேற ஊத்திகினு!"

"அப்போ எப்போ நடறது தாத்தா?"

"நடறது இன்னா நடறது. ஆடியில வெதைய வீசிட்டு உன் வேலையப் பாரு. அது வேலைய அது பாத்துக்கும்."

அவர் சொன்ன மூன்று வரியில் ஒரு செடியின் உயிரியல் முழுக்க அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் ஆடு மேய்ப்பவர் என்பதும் அதில் சேர்த்தி.

முதலில் எது ஆவாரை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மஞ்சளாகப் பூத்ததையெல்லாம் ஆவாரை என்று சொல்லும் பழக்கம் நகரத்தில் வந்துவிட்டது. பொன்னாவரை, தகரை, சீமையகத்தி மூன்றும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். நாட்டு மருந்துக் கடையில் பேதிக்குத் தரும் நிலாவரையும் அதே பேரினம்தான். முதுமலைக் காடுகளை விழுங்கிக்கொண்டிருக்கும் மஞ்சக்கொன்னையும் இதற்குப் பங்காளி, வெட்டி ஒழிக்க வனத்துறை படாதபாடு படும் வெளிநாட்டுப் பங்காளி. ஆவாரையின் அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பார்த்தால், ஒவ்வொரு காம்புக்கும் அடியில் சிறுகாது போல அகன்ற இரண்டு செதில்கள் உதிராமல் ஒட்டியிருக்கும். பூ இல்லாத மாதத்திலும் செடியை அடையாளம் காண அந்தக் காது போதும். 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது அந்தக் காதைத்தான் பிடித்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் இதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'தோல் பதனிடுபவரின் கொன்றை' என்று வரும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று இங்கே எந்த ஊரைச் சொன்னாலும் தோல் நினைவுக்கு வருகிறது அல்லவா? அந்தத் தோலுக்குப் பின்னால் நெடுங்காலம் நின்றது இந்தப் பூச்செடியின் பட்டை.

ஆட்டுக்காரப் பெரியவரிடம் கேட்டால் தெரியும்: ஆவாரையை ஆடு சீண்டாது. கொடும் பஞ்சத்தில் நுனியைக் கடிக்கும், அவ்வளவுதான். மாடும் ஒதுக்கிவிட்டுப் போகும். மேய்ச்சலில் மொட்டையாகிவிட்ட புறம்போக்கில் ஆவாரை மட்டும் இடுப்பளவுக்குப் பச்சையாக நிற்பதன் ரகசியம் இதுதான். வாயில் ஒரு துண்டுப் பட்டையைப் போட்டு மென்று பாருங்கள். நாக்கும் கன்னமும் உள்ளே இழுத்துக்கொண்டு, வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தது போலத் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு தானின் என்னும் வேதிப்பொருள். எச்சிலில் இருக்கும் புரதங்கள் வாயை வழவழப்பாக வைத்திருக்கின்றன. தானின் அந்தப் புரதங்களைப் பற்றி இழுத்துத் திரளச் செய்துவிடுகிறது. வழவழப்பு போய் வாய் சொரசொரக்கிறது. ஆட்டின் வயிற்றுக்குள் போனாலும் அதே வேலைதான்: தீனியிலுள்ள புரதத்தைக் கட்டிப்போட்டுச் செரிக்கவிடாமல் செய்யும். ஆடு இரண்டொரு முறை பட்டுத் தெரிந்துகொள்கிறது.

புரதத்தைக் கட்டிப்போடும் இந்தக் குணம் செத்த ஆட்டின் தோலில் வேலை செய்தால் அதற்குப் பெயர் பதனிடுதல். பச்சைத் தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார். மூன்று இழை முறுக்கிய கயிறு போல இருக்கும். ஈரத்தோடு விட்டால் நுண்ணுயிர்கள் இரண்டு நாளில் அதைத் தின்னத் தொடங்கிவிடும். அப்படியே உலர்த்தினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தகரம் போல விறைக்கும். பட்டைச் சாற்றில் ஊறும்போது தானின் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து, அங்கே இருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு, இழைக்கும் இழைக்கும் நூற்றுக்கணக்கான சிறு கட்டுகளைப் போடுகின்றன. பிறகு அது அழுகுவதில்லை, விறைப்பதில்லை. ஆடு தின்ன மறுத்த செடியின் அதே தற்காப்பு, அந்த ஆட்டின் தோலைச் செருப்பாக்கித் தந்தது.

ஆவாரம்பட்டையில் தானின் ஏறத்தாழ 18 சதவீதம். செடியை வெட்டிக் கிளைகளைத் தட்டி, பட்டையை நாராக உரித்து உலர்த்திக் கட்டுக் கட்டாகத் தோல் ஷெட்டுகளுக்கு வண்டியேற்றுவார்கள். பட்டை போன குச்சி அடுப்புக்கு. ஷெட்டில் முதலில் சுண்ணாம்புக் குழி. தோலிலிருந்து மயிர் கழன்று வர. அப்புறம்தான் பட்டைக் குழி. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. புதிதாக இடித்துப் போட்ட காரமான பட்டைத் தண்ணீரில் தோலை முதலிலேயே இறக்கமாட்டார்கள். ஏற்கெனவே பல தோல்கள் ஊறி நீர்த்துப்போன பழைய தண்ணீரில் தொடங்கி, குழி குழியாக மாற்றி, கடைசியில்தான் புதுச் சாறு. எடுத்த எடுப்பில் காரச்சாற்றில் போட்டால் தோலின் வெளிப்பக்கம் இறுகிக் கதவடைத்துக்கொள்ளும். உள்ளே பச்சையாகவே நிற்கும். வாரக்கணக்கில் ஆகும் வேலை. ஆவாரையால் பதனிட்ட தோல் இளமஞ்சளாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெயில் பட்டால் செம்மை ஏறிவிடும். அதைத் தடுக்க, கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் ஒரு முழுக்கு. கடுக்காய்க்கு நமக்கு ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருந்தது. ஆவாரையும் கடுக்காயும் வறண்ட காட்டில் தானாக விளைந்தன, சுண்ணாம்பு கிடைத்தது, பாலாற்றில் மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. தோல் தொழில் இந்தப் பள்ளத்தாக்கில் வேர்விட்டதற்கு இத்தனையும் காரணம். வியாபாரிகளின் கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் இப்படி அரைப்பதத்தில் நிறுத்திய தோல், 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் சென்னைப் பெரியமேட்டு வியாபாரிகள் வழியாக லண்டனுக்குக் கப்பலேறியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு இது பெருமளவில் போனது. பிரான்ஸின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற கால்களை, நம்மூர்ப் புறம்போக்கில் பூத்த ஆவாரை மூடியிருந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் விசித்திரமாக இருக்கிறது.

அதற்குள் போட்டி வந்துவிட்டது. 1903இல் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி, கலைக்கல்லூரிப் பட்டறையில் குரோமியம் உப்பைக்கொண்டு தோல் பதனிட முயன்றார். அவர் குறி ஏற்றுமதித் தோல்மீது இல்லை. கவலைச் சால்மீது இருந்தது. கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் தோல் சாலைப் பட்டையில் பதனிட்டால் ஓயாத தண்ணீரில் சீக்கிரம் ஊறிக் கெடும். குரோமில் பதனிட்டால் தாங்கும். அறிவியலும் அவர் பக்கம்தான். பச்சைத் தோல் ஏறத்தாழ 60, 65 டிகிரிச் சூட்டில் சுருங்கிவிடும். பட்டைத் தோல் 80 வரை தாங்கும். குரோம் தோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளில் முடிந்தது. இன்னொரு பக்கம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வேட்டில் மரப்பட்டை கப்பலில் இறங்கியது. அதில் தானின் ஆவாரையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பிறகு நீலகிரியிலும் பழனி மலையிலும் வேட்டிலை நாமே நட்டோம். இன்று அது புல்வெளிகளைத் தின்னும் களையாகத் திரிகிறது. 1972இல் சீதாராமையா குழு, அரைப்பதத் தோலாக அனுப்பாமல் முடித்த தோலாகவும் செருப்பாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றது. 1973 முதல் அரைப்பத ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. தோலைக் குரோமில் புரட்டும் டிரம் சுழலத் தொடங்கியது. குரோம் குளித்து நீலமாக வெளிவரும் 'வெட் ப்ளூ' ஷெட்டுகளை நிறைத்தது. ஷூ கம்பெனிகள் வந்தன, ஆயிரமாயிரம் பெண்களுக்கு வேலையும் வந்தது. பாலாற்றுக்கு என்ன வந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள்.

பட்டைக் காலம் பொற்காலம், ஆவாரைக்குத் திரும்பினால் பாலாறு தெளிந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டைக் குழிக் கழிவும் தண்ணீரைக் கறுப்பாக்கி மீனைக் கொன்றுவிடும். சுண்ணாம்பும் உப்பும் இரண்டு முறைக்கும் பொது. பட்டைக்காக வெட்டிய வெட்டில் ஆவாரையும் பல இடங்களில் காலியானது. வேரோடு பிடுங்காமல் அடிக்கட்டையை விட்டால் மறுபடி துளிர்க்கும் செடிதான். ஆனால் எல்லோரும் கட்டையை விட்டுவைப்பதில்லை. 'ஈ.ஐ. தோல்' புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது, கொஞ்சம் பேர் இன்னும் தாவரச் சாற்றில் பதனிடுகிறார்கள். அது வாழட்டும். ஆவாரையை நட வேறு காரணங்கள் போதும்.

முக்கியமான காரணம், பூ. ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ், பொன் மஞ்சள், ஓரம் சற்றே சுருண்டு நரம்பு ஓடியிருக்கும். நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். எல்லாம் ஒரே அளவில் இல்லை. மேலே உள்ள மூன்று குட்டையானவை, மலடு. நடுவில் இருப்பவை நடுத்தரம். கீழே மூன்று மட்டும் நீண்டு, யானைத் தந்தம் போல வளைந்திருக்கும். சூல்தண்டும் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இன்னொரு பூவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கலாம்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. ஒரு சொட்டுகூட இல்லை. வரும் வண்டுக்குக் கூலி மகரந்தத்தூள் மட்டும். அந்தத் தூளும் திறந்த தட்டில் இல்லை. உப்பு டப்பாவைப் போலத் தாளின் நுனியில் மட்டும் சிறு துளை. தேனீ வந்து நோண்டினால் எதுவும் வராது. பெரிய கறுப்புக் கட்டைவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் துளைப்பான் தேனீ வரும். அது பூவைக் கவ்வித் தொங்கிக்கொண்டு, சிறகை அசைக்காமல் சிறகுத் தசையை மட்டும் படபடவென்று அதிரவைக்கும். காலையில் ஆவாரைப் புதர் அருகே நின்றால் பறக்கும் ரீங்காரம் ஒரு சுருதியிலும், பூவைப் பிடித்ததும் எழும் 'ஸ்ஸ்ர்' வேறு சுருதியிலும் கேட்கும். அந்த அதிர்வில் உப்பு டப்பாவைத் தட்டியது போலத் தூள் தெறிக்கும். நடுத்தரத் தாள்களின் தூளை வண்டு வயிற்றருகே சேர்த்துக் கூட்டுக்கு எடுத்துப்போகிறது. நீண்ட தாள்களின் தூளோ அதன் விலாவில், கால் எட்டாத இடத்தில் போய் அப்பிக்கொள்கிறது. அடுத்த பூவில் எதிர்ப்பக்கம் சாய்ந்த சூல்முடி தொடுவது அந்த விலாவைத்தான். தீனிக்குச் சில தாள், இனப்பெருக்கத்துக்குச் சில தாள் என்று ஒரே பூவுக்குள் வேலைப் பங்கீடு.

இந்தப் பங்கீட்டை 1880களில் எழுத்தில் விளக்கியவர்கள் ஹெர்மன் முல்லர், ஃபிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானிய சகோதரர்கள். டார்வினையும் இது கடைசிவரை விடவில்லை. 1882 ஏப்ரலில், இடமும் வலமுமாகச் சாயும் பூக்களைப் பற்றி அமெரிக்காவில் டாட் என்பவர் கட்டுரை எழுதியிருந்தார். ஒன்று கத்தரிக் குடும்பத்துக் களை, மற்றது ஆவாரைக்கு உறவுச்செடி. அதைப் படித்த டார்வின், வளர்த்துப் பார்க்க விதை அனுப்ப முடியுமா என்று கேட்டு ஏப்ரல் 10 அன்று கடிதம் எழுதினார். ஏப்ரல் 19இல் அவர் இறந்துபோனார். எழுபத்து மூன்று வயதுக் கிழவர், சாகக் கிடக்கும்போது விதை கேட்டு எழுதுகிறார். எனக்கு அந்த மனிதரிடம் மிகவும் பிடித்த செய்தி இது.

பூவில் தேன் இல்லாத செடி, இலையில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு இணை இலைக்கும் நடுவே நடுக்காம்பில் குச்சி போல ஒரு சிறு சுரப்பி நிற்கும். தளிரில் கசியும் இனிப்புக்கு எறும்பு வரும். எறும்பு நடமாடும் தளிரைப் புழு அதிகம் அண்டாது. சாயங்காலமானால் இலைகள் இணையிணையாக மடங்கித் தூங்கப் போகும். பயறுக் குடும்பத்தில் பிறந்தும் இதன் வேரில் முடிச்சு கிடையாது. காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவோடு இந்தப் பேரினம் பொதுவாகக் கூட்டு வைப்பதில்லை. ஆனாலும் ஆவாரந்தழையை வெட்டி நெல் வயலில் மிதித்துப் புதைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம், குறிப்பாக உவர் ஏறிய நிலத்தில். ஆழமாக இறங்கும் ஆணிவேர் அடிமண்ணிலிருந்து இழுத்துவந்ததைத் தழையாக மேலே கொண்டுவந்து தருகிறது.

அக்கம்பக்கத்தார் இந்தப் பூவை நம்மைவிட நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். ஆம்பூர் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் இது தங்கேடு. 2014இல் பிறந்த தெலங்கானா இதைத் தன் மாநிலப் பூவாக்கியது. பதுக்கம்மா பண்டிகையில் பூவை அடுக்கடுக்காகக் கோபுரம் போல அடுக்கும்போது தங்கேடு இல்லாமல் முடியாது. உருது பேசுவோர் தர்வார் என்பார்கள். இலங்கையில் சிங்களவர்கள் ரணவரா என்று சொல்லித் தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். நாமோ குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் ஆவிரை என்ற பெயரில் இதைச் சேர்த்திருக்கிறோம். காதல் கைகூடாதவன் பனைமடலில் குதிரை செய்து ஏறி ஊர் நடுவே வரும்போது அதற்குச் சூட்டும் மாலையில் எருக்கோடும் பூளையோடும் ஆவிரையும் இருந்தது. பொதுவாகத் தலையில் சூடாத பூக்கள் அவை. மானம் போனவனுக்குத் தரிசில் பூப்பது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

மருந்து பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆவாரை இருக்கும் ஊரில் சாவு இல்லை என்ற பொருளில் ஒரு பழமொழி உண்டு. பூப்பொடி விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதை அச்சடித்துவிடுகிறார்கள். நீரிழிவுக்குச் சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் செய்து 2002இல் வெளிவந்த ஆய்வில், சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குப் பூச்சாறு கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்தது. எலியில் குறைந்ததை வைத்து மனிதருக்கு மாத்திரையை நிறுத்துவது மடத்தனம். இன்னொரு ஆய்வை யாரும் பாக்கெட்டில் அச்சடிப்பதில்லை. 1981இல் இலங்கையில் நாட்டு மூலிகைகள் பலவற்றைச் சோதித்தபோது, ஈரலைக் கெடுக்கக்கூடிய ஒருவகை ஆல்கலாய்டு மூன்று செடிகளில் தென்பட்டது. அவற்றில் ஆவாரையும் ஒன்று. எப்போதாவது ஒரு குவளை குடித்தால் ஒன்றும் ஆகாது. தினமும் மாதக்கணக்கில் குடிப்பவர்களும், ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும்.

இனி பெரியவரின் ஆடிக்கு வருகிறேன்.

ஆவாரை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் பூத்தாலும், உச்சம் ஐப்பசி தொடங்கித் தை வரை. ஆகவே நமக்கு அதன் நினைப்பு வருவது பொங்கலில். நாற்றுப் பண்ணைகளும் பூத்த செடியைக் காட்டித்தான் விற்கின்றன. செடியின் கணக்கு வேறு. தைக்குப் பிறகு இங்கே மழை இல்லை, மண் நாளுக்கு நாள் இறுகும், பங்குனியிலிருந்து வேலூர் வெயில் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. பைக்குள் சுருண்டு கிடந்த ஆணிவேர் அந்த நேரத்தில் கீழே இறங்க முடியாது. வாடுகிறதே என்று நாம் தண்ணீர் ஊற்றுவோம். காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் வேர் அழுகும். என் மதிலோரத்தில் நடந்தது அதுதான்.

பல மாவட்டங்களுக்கு இல்லாத ஒரு வசதி எங்கள் பழைய வடாற்காட்டுக்கு உண்டு. கடற்கரை மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்க, இங்கே இரண்டு பருவமும் கிட்டத்தட்டச் சரிபங்காகப் பெய்யும். ஆடி பிறந்ததும், பகலில் ஏறிய வெப்பம் சாயங்காலத்தில் இடியும் மழையுமாக இறங்கும். அந்த மழையில் முளைத்த விதைக்குக் கார்த்திகைவரை ஐந்து மாதம் கிடைக்கிறது. மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே அதைப்போல் பல மடங்கு வேர் இறங்கிவிடும். தையில் மேல்மண் காயும்போது அதற்குக் கவலை இல்லை. ஐப்பசியில் விதைத்தால் இரண்டு மாத மழைதான் மிச்சம். அதுவும் தேங்கி நிற்கிற அடைமழை. திருநெல்வேலி, ராமநாதபுரம், யாழ்ப்பாணம் போன்ற ஆடி காயும் ஊர்க்காரர்கள் புரட்டாசிக் கடைசியில், முதல் மழை மண்ணை நனைத்ததும் விதைப்பது நல்லது. சட்டம் ஒன்றுதான்: மழைப் பருவத்தின் தொடக்கத்தில், வெயில் பருவத்துக்கு ரொம்ப முன்னால்.

விதையைத் தேடுவது மாசி, பங்குனியில். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லிசாக, விரல் நீளத்துக்கு இருக்கும். பழுப்பேறி, ஆட்டினால் உள்ளே சலசலக்கும் காயாகப் பறிக்கவும். விதை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள், ஊசிமுனைத் துளை இருந்தால் வண்டு முந்திக்கொண்டது என்று பொருள். நல்லதைச் சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து வைத்தால் ஆடிவரை கெடாது.

அப்படியே வீசினாலும் முளைக்கும், ஆனால் எல்லாம் ஒன்றாக முளைக்காது. விதைத்தோலில் மெழுகு பூசிய செல்கள் கல் சுவர் போல நெருக்கி நிற்கின்றன; தண்ணீர் உள்ளே போவதில்லை. சில விதைகள் இந்த ஆடியில், சில அடுத்த ஆடியில், மற்றவை அதற்கும் அடுத்ததில் என்று தவணை முறையில் எழும்பும். ஒரு வருஷம் மழை ஏமாற்றினாலும் மொத்தக் குடும்பமும் அழியாமல் இருக்க செடி செய்துகொண்ட ஏற்பாடு. கோடையில் பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி அடித்து, மண்துகள் உரசி, அந்தச் சுவர் மெல்ல விரிசல் விடும். நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்றால், தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். அடுப்பில் வைத்து விதையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சுண்டல்தான் கிடைக்கும். காலையில் உப்பிப் பருத்தவை தயார். உப்பாமல் கல்லாகவே கிடப்பவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடலாம்.

நட வேண்டிய இடத்திலேயே விதைப்பது உத்தமம். மண்ணைக் கொஞ்சம் கீறி, விரல்நுனி அளவு ஆழத்தில், இடத்துக்கு மூன்று விதை. வேலியாக வேண்டுமானால் மூன்றடிக்கு ஒன்று. எரு வேண்டாம், குழியும் வேண்டாம். நாள் முழுக்க வெயில் படவேண்டும், தண்ணீர் நிற்கக்கூடாது. சரளையோ கரம்போ உவரோ, மண்ணைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. பையில்தான் வளர்ப்பேன் என்பவர்கள் நாற்று ஒரு சாணுக்குமேல் போகாமல், மழை இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். அடுத்த வருஷம் பூக்கும். பூப்பு முடிந்ததும் கிளையைப் பாதியாகக் கவாத்து செய்தால் புதர் அடர்த்தியாகும்.

நான் அடுத்த ஆடியில் மதிலுக்கு வெளியே, குப்பைகூடச் சேராத சரளை ஓரத்தில் இருபது இடத்தில் விதைத்தேன். பதினொன்று முளைத்தன, ஒன்பது நிற்கின்றன. பெரியவரின் ஆடுகள் தினமும் அவற்றை உரசிக்கொண்டுதான் போகின்றன. மஞ்சளும் வெளுப்புமாக வண்ணத்துப்பூச்சிகள் தளிரில் முட்டையிட வருகின்றன, புழு சில இலைகளைத் தின்கிறது, தின்றுவிட்டுப் போகட்டும். போன பொங்கலுக்கு ஆயா கடைத்தெருவுக்குப் போகவில்லை. ஒடித்துக்கொண்டது போக மிச்சமிருந்த கிளைகளில் பங்குனியில் காய் கட்டியது. அதில் ஒரு சோற்று டப்பா நிறைய விதை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வருபவர்கள் ஆடிக்கு முன்னால் வாருங்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி தருகிறேன்.